மலைநாட்டு அடுப்பில் சிவப்பரிசிச் சோறு

புதிய இடத்தில் குடியேறும் குடும்பத்துக்கு முதலில் கைக்கு வருவது உலர் உணவுப் பொதி. அதில் சில மாதம் வெள்ளை அரிசி இருக்கும், சில மாதம் சிவப்புப் பச்சையரிசி இருக்கும். சிவப்பரிசி வந்த மாதத்தில் நாம் கேட்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "இது வேகாது. வெந்தாலும் பிள்ளைகள் தொடாது." சில வீடுகளில் அந்த அரிசி மூலையில் கிடந்து வண்டு பிடிக்கிறது. சில வீடுகளில் கடையில் கொடுத்து வெள்ளை அரிசியாக மாற்றப்படுகிறது. மாற்றும்போது அளவில் வரும் நட்டம் வீட்டுக்குத்தான். சத்தில் வரும் நட்டமும் வீட்டுக்குத்தான்.

வெள்ளைச் சோற்றை விட்டுவிடுங்கள் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. கைக்கு வந்த சிவப்பரிசியை வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும்படி எப்படிச் சமைப்பது என்பதைத்தான் சொல்கிறது. ராகலைப் பக்கத்துக் குளிருக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி, விறகு அடுப்பு, கேஸ் அடுப்பு, ரைஸ் குக்கர் மூன்றுக்கும் வழிகள் இதில் உள்ளன.

முதலில் பெயர்கள்

நெல்லின் உமியை மட்டும் நீக்கி, உள்ளே இருக்கும் தவிட்டுத் தோலை அப்படியே விட்டால் அது தீட்டாத அரிசி. தவிட்டரிசி என்றும் சொல்வார்கள். உரலில் இட்டு உலக்கையால் குத்திய காலத்தில் அதற்குக் குத்தரிசி என்று பெயர். சில நெல் வகைகளின் தவிட்டுத் தோல் மங்கிய பழுப்பு நிறம். சில வகைகளில் அது நல்ல சிவப்பு. நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் சிவப்பரிசி இந்த இரண்டாவது வகை. அட் 362 போன்ற புதிய வகைகளும், பச்சைப்பெருமாள், மடத்தவாலு, களு ஹீனட்டி போன்ற பழைய வகைகளும் சிவப்பரிசிதான். சிவப்பானாலும் பழுப்பானாலும் சமைக்கும் முறை ஒன்றே.

குறை அரிசியில் இல்லை

கடற்கரையில் இருக்கும் ஊரில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 பாகை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். ராகலையைச் சுற்றிய தோட்டங்களிலும் நிலைமை கிட்டத்தட்ட இதேதான். உங்கள் வீடு மேல் கணக்கிலா கீழ் கணக்கிலா என்பதைப் பொறுத்து ஓரிரு பாகை கூடலாம், குறையலாம்.

பானை தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து, சூடு போதும் என்று நினைக்கிறோம். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானைத் தண்ணீர் அந்த 94 பாகையைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக வற்றும், அவ்வளவுதான். தீட்டிய வெள்ளை அரிசிக்குத் தோல் இல்லை. ஆகவே இந்தச் சூட்டிலும் அது சமாளித்து வெந்துவிடும். சிவப்பரிசிக்குத் தவிட்டுத் தோல் ஒரு சட்டைபோல் இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போக நேரம் வேண்டும். கொழும்பில் இருக்கும் உறவினர் சொன்ன அளவிலும் நேரத்திலும் ராகலையில் சமைத்தால், வெளியே வெந்ததுபோல் தெரிந்து உள்ளே நறுக்கென்று இருப்பது இதனால்தான்.

கொழுந்தை வாட்டாமல் நேரே உருட்டினால் நல்ல தூள் வராது என்பது தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கொழுந்துக்கு வாட்டம் எப்படியோ, சிவப்பரிசிக்கு ஊறல் அப்படி. அந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் பெரும்பாலான வீடுகளில் இந்தச் சோறு கெட்டுப்போகிறது.

தீட்டும்போது போவது என்ன?

ஆலையில் அரிசியை வெள்ளையாகத் தீட்டும்போது தவிடும் முளையும் நீங்கிவிடுகின்றன. நார்ச்சத்தும், பி வகை உயிர்ச்சத்துகளும், மக்னீசியம் போன்ற தாதுக்களும் கூடுதலாக இருப்பது அந்தப் பகுதியில்தான். சமைக்காத 100 கிராம் தீட்டாத அரிசியில் ஏறக்குறைய 3.5 கிராம் நார் இருக்கும். வெள்ளை அரிசியில் 1.3 கிராம் அளவே. தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து தீட்டாத அரிசியில் 0.4 மில்லிகிராம் அளவு, வெள்ளை அரிசியில் 0.07 மில்லிகிராம் அளவு. நெல் வகையைப் பொறுத்து இந்த எண்கள் சற்று மாறும். இடைவெளி மட்டும் பெரிதாகவே இருக்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 1890களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோய்க்கான காரணத்தை அறிய அது வழி காட்டியது. அதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வெறும் வெள்ளைச் சோற்றோடு பருப்பு, மீன், கீரை எதுவும் இல்லாதபோதுதான் அந்த ஆபத்து. இடம்பெயர்ந்த காலத்தில் எது குறைந்தாலும் முதலில் குறைவது தட்டின் ஓரத்தில் இருக்கும் கறிதான் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியான நாட்களில் சோறே கொஞ்சம் சத்தோடு இருப்பது நல்லது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிவப்பரிசியிலும் வெள்ளை அரிசியிலும் உள்ள மாவுச்சத்தும் கலோரியும் பெரிய அளவில் வேறுபடுவதில்லை. இரண்டிலும் 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி. சிவப்பரிசி என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் பயன் இல்லை. நார் அதிகம் இருப்பதால் அது மெதுவாகச் செரிக்கும், பலருக்குச் சீக்கிரம் வயிறு நிறைந்த உணர்வும் தரும். நன்மை அங்கேதான்.

வெள்ளை அரிசி நம் தட்டுக்கு வந்த வழி

"சிவப்பரிசி நம்ம சாப்பாடு இல்லையே" என்று சிலர் சொல்வதுண்டு. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தேயிலை மலைகளில் நெல் விளைவதில்லை. தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் தொழிலாளருக்கான அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கிக் கூலியில் கழித்துக்கொண்டது. அந்த அரிசி பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. எந்த அரிசி வேண்டும் என்று நம் பாட்டன் பூட்டன் தேர்ந்தெடுக்கவில்லை. வந்ததைச் சமைத்தார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கோதுமை மா ரொட்டி தோட்டங்களில் வேரூன்றியதில் அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் ராகலையிலிருந்து வலப்பனைப் பக்கம் இறங்கிப் பாருங்கள். மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல்கள். அங்கே கிராமங்களில் சிவப்பரிசி அன்றாடச் சோறு. நாமும் அதை அறியாதவர்கள் அல்ல. சிவப்பரிசி மாவில் அவித்த புட்டும் இடியப்பமும் நமக்குப் பிடித்தவைதானே? மாவாக வந்தால் விரும்பும் ருசியை, சோறாக வந்தால் மட்டும் ஏன் தள்ள வேண்டும்? இன்று கொழும்புக் கடைகளில் பழைய வகைச் சிவப்பரிசி வெள்ளை அரிசியைவிடக் கூடிய விலைக்கு விற்கிறது. இது இல்லாதவர்களுக்குத் தள்ளிவிடும் அரிசி என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

கடையில் வாங்குவதானால் ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். மணி முழுவதும் சிவப்பாக இருந்தால் தீட்டாதது. வெள்ளை மணியில் சிவப்புக் கோடுகள் மட்டும் ஓடினால் அரைவாசி தீட்டியது. இந்த இரண்டாவது வகை சீக்கிரம் வேகும், ருசியும் மென்மையாக இருக்கும். புதிதாகப் பழகும் குடும்பம் இதிலிருந்து தொடங்கலாம். முழுச் சத்து வேண்டுமானால் மெல்ல மெல்ல முதலாவதற்கு மாறுங்கள்.

பிறகு முகர்ந்து பாருங்கள். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. நாள்பட்டால் அந்த எண்ணெய் காறிச் சிக்கு வாடை வரும். அந்த அரிசியை எப்படிச் சமைத்தாலும் வாடை போகாது. ஆகவே சிவப்பரிசியை மூட்டையாக வாங்கி மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள். பொதியில் வந்த அரிசியானால், வெள்ளை அரிசியை வைத்துவிட்டு இதை முதலில் சமைத்து முடியுங்கள்.

மலையில் ஈரம்தான் பெரிய பகை. புதிதாகப் பூசிய சுவரும் சீமெந்துத் தரையும் பல மாதம் ஈரம் கக்கும். அரிசிச் சாக்கைத் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள். மூடி இறுக்கமான தகரப் பேணியில் அல்லது பிளாஸ்டிக் வாளியில் போட்டு, பலகையின் மேல் வையுங்கள். அடுப்பின் ஆவி படாத இடமாக இருக்கட்டும். பூஞ்சணம் பிடித்த அரிசியைக் கழுவியோ வெயிலில் போட்டோ சாப்பிட முயல வேண்டாம். அது உடலுக்குக் கேடு.

முதல் நாள் இரவு: ஊறவைத்தல்

காலை 5 மணிக்கு எழுந்து சமைத்து, சாப்பாடு கட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போகும் வீட்டுக்கு ஊறவைப்பது தனி வேலையாகாது. இரவு படுக்கப் போகுமுன் இதைச் செய்துவிடுங்கள்.

1. அரிசியை அரித்துக் கல் நீக்குங்கள். இரண்டு முறை கழுவினால் போதும். ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவினால் சத்தும் கழுவிப்போகும்.

2. அரிசிக்கு மேல் நான்கு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். நம் பக்கம் இரவில் தண்ணீர் ஐஸ்போல் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அரிசி மெதுவாகவே ஊறும். ஆகவே கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள்.

3. 8 மணி நேரம் ஊறட்டும். ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். இரண்டாக உடைந்தால் சரி.

4. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு முறை அலசிப் புதுத் தண்ணீரில் சமையுங்கள்.

இரவில் மறந்துவிட்டால் ஒரு மாற்று வழி உண்டு. கழுவிய அரிசியைத் தண்ணீரோடு ஒரு கொதி வரவிட்டு இறக்கி, மூடி ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். முழு இரவு ஊறியதற்கு ஈடாகாது என்றாலும் வேலை நடக்கும்.

மூன்று அடுப்பு, மூன்று முறை

கீழே வரும் அளவெல்லாம் ஊறவைத்த சிவப்பரிசிக்கு. அரிசியை ஊறவைக்குமுன் எந்தச் சுண்டால் அளந்தீர்களோ, அதே சுண்டால் தண்ணீரையும் அளந்துகொள்ளுங்கள்.

*விறகு அல்லது கேஸ் அடுப்பில் பானை:* 1 சுண்டு அரிசிக்கு 3 சுண்டு தண்ணீர். தண்ணீர் கொதித்த பின் அரிசியைப் போட்டு, உப்பும் போடுங்கள். மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்து இறுக மூடுங்கள். 35 முதல் 40 நிமிடம் ஆகும். இடையிடையே திறந்து கிளற வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு போகும், சோறும் பசைபோல் ஆகும். தண்ணீர் வற்றியதும் இறக்கி, மூடியைத் திறக்காமல் இன்னும் 15 நிமிடம் வையுங்கள். சோறு பூப்போல் மலர்வது இந்த 15 நிமிடத்தில்தான்.

கஞ்சி வடித்துப் பழகியவர்கள் வடிக்கலாம். ஆனால் வடிகஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். கரைந்த உயிர்ச்சத்து அதில்தான் இருக்கிறது. உப்பிட்டுச் சூடாகக் குடிக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

*விறகை மிச்சம் பிடிக்கக் கம்பளி முறை:* பானை நன்றாகக் கொதித்து 20 நிமிடம் ஆனதும் அடுப்பிலிருந்து இறக்குங்கள். மூடியைத் திறக்காமல், சுத்தமான பழைய கம்பளியாலோ தடித்த போர்வையாலோ சுற்றி, ஒரு கார்ட்போர்ட் பெட்டியில் அல்லது கூடையில் இறுக வைத்துவிடுங்கள். தண்ணீர் வற்றாது என்பதால் இதற்கு 2½ சுண்டு போதும். ஒரு மணி நேரத்தில் பானைக்குள் இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். பானை முக்கால்வாசி நிறைந்திருந்தால் சூடு நன்றாக நிற்கும். எடுத்ததும் அடுப்பில் 5 நிமிடம் வைத்துச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். இரவு முழுவதும் கம்பளிக்குள் விட்டுவிடக் கூடாது. விறகுக்காக மலையேற வேண்டிய வீட்டுக்கும், பொதுச் சமையலறையில் அடுப்புக்கு முறை காத்து நிற்பவர்களுக்கும் இது பெரிய உதவி.

*விசில் குக்கர்:* மலையில் சிவப்பரிசிக்கு இதைவிட நல்ல பாத்திரம் இல்லை. ஆவி வெளியேறாமல் அடைபடுவதால் உள்ளே சூடு 115 பாகையைத் தாண்டும். உயரத்தால் இழந்ததை இது திருப்பித் தருகிறது. 1 சுண்டு அரிசிக்கு 2 சுண்டு தண்ணீர். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம் வையுங்கள். அடுப்பை அணைத்தபின் ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்ற வேண்டாம். பழைய குக்கரானால் ரப்பர் வளையமும் ஆவித் துளையும் அடைபடாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*மின்சார ரைஸ் குக்கர்:* தண்ணீர் வற்றியதும் இது தானாக நின்றுவிடும். அரிசி வெந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. நம் உயரத்தில் வேகுமுன்னரே தண்ணீர் வற்றிவிடலாம். 1 சுண்டுக்கு 2½ சுண்டு தண்ணீர் விடுங்கள். நின்றதும் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் நறுக்கென்றால் அரைச் சுண்டு வெந்நீர் ஊற்றி மறுபடி பொத்தானை அழுத்துங்கள்.

துவர்ப்பை அடக்கி ருசியைக் கூட்ட

சிவப்பரிசியில் ஒரு மெல்லிய துவர்ப்பு உண்டு. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்களின் இனத்தைச் சேர்ந்தவைதான் அந்தச் சிவப்பு நிறத்தையும் தருகின்றன. பிளேன்டீயின் துவர்ப்பைச் சீனி அடக்குவதுபோல, சோற்றின் துவர்ப்பை அடக்கவும் சில பொருட்கள் இருக்கின்றன.

உப்பு முதலாவது. வெள்ளைச் சோற்றை உப்பில்லாமல் ஆக்கும் வீட்டிலும் சிவப்பரிசிக்குச் சிட்டிகை உப்பு போடுங்கள். இரண்டாவது வாசனை. ஒரு துண்டு ரம்பையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொதியில் போட்டால் தவிட்டு வாடை தெரியாது. மூன்றாவது தேங்காய்ப்பால். தண்ணீர் வற்றும் சமயம் கால் சுண்டு கட்டிப்பால் ஊற்றி மூடினால் சோறு மினுமினுப்பாகவும் மென்மையாகவும் வரும். தினமும் வேண்டாம். பிள்ளைகள் பழகும் முதல் சில நாளுக்கு இது கைகொடுக்கும்.

குழம்பையும் பார்த்து வையுங்கள். சிவப்பரிசி மணி வெள்ளைச் சோறுபோல் குழம்பை உறிஞ்சாது. வறண்ட கறியோடு பரிமாறினால் தொண்டையில் நிற்கும். தளர்வான பருப்புக் கறி, ரசம், புளி சேர்த்த கருவாட்டுக் குழம்பு, தக்காளிக் குழம்பு ஆகியவை இதற்குப் பொருந்தும். பக்கத்தில் தேங்காய்ச் சம்பலும் கீரைச் சுண்டலும் இருந்தால் போதும். நம் தோட்டத்துப் பக்கம் விளையும் லீக்ஸ், கரட், கோவா மூன்றையும் மெல்லியதாக அரிந்து வெங்காயத்தோடு வதக்கி, மிஞ்சிய சிவப்பரிசிச் சோற்றைப் போட்டுக் கிளறினால், மணி ஒட்டாமல் உதிரியாக வரும். இந்தப் பிரட்டலுக்கு வெள்ளைச் சோற்றைவிட இதுவே சிறந்தது.

பிள்ளைகளுக்கு மெதுவாகப் பழக்குங்கள்

ஒரே நாளில் தட்டின் நிறத்தை மாற்றினால் பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள். முதல் வாரம் ஒரு பங்கு சிவப்பு, மூன்று பங்கு வெள்ளை. இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி. அதற்குமேல் வீட்டாரின் விருப்பம். பாதியிலேயே நின்றாலும் நன்மைதான்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வெள்ளை குழைந்து சிவப்பு வேகாமல் நிற்கும். ஊறிய சிவப்பரிசியை முதலில் கொதியில் போட்டு, 20 நிமிடம் கழித்து வெள்ளை அரிசியைச் சேருங்கள். இரண்டும் ஒன்றாக முடியும்.

சோறாகச் சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு வேறு வழிகள் உண்டு. கால் சுண்டு சிவப்பரிசியை இரண்டு பல் உள்ளியோடு குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து, இறக்கும்போது அரைத்து வடித்த வல்லாரைச் சாறு ஊற்றினால் இலைக்கஞ்சி தயார். கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். பண்டிகை நாளில் பாற்சோற்றைச் சிவப்பரிசியில் ஆக்கலாம். ரொட்டிக்குப் பிசையும் கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பரிசி மாவைக் கலந்து, தேங்காய்ப்பூவும் சேர்த்தால் ரொட்டி மொறுமொறுப்பாக வரும், யாரும் வித்தியாசம் சொல்ல மாட்டார்கள்.

சில கவனிப்புகள்

*நீரிழிவு உள்ளவர்கள்:* சிவப்பரிசி இரத்தத்தில் சீனியை வெள்ளை அரிசியைவிடச் சற்று மெதுவாக ஏற்றலாம். மருந்துக்கு அது மாற்று இல்லை. தட்டின் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, மீன் அல்லது முட்டை, மீதிக் கால் பங்குதான் சோறு. மாத்திரையைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் கிளினிக் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

*இரத்தச்சோகை:* கர்ப்பிணிகளும் வளரும் பெண் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். தவிட்டில் உள்ள ஒரு பொருள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும். தேயிலைச் சாயம் அதைவிட அதிகம் தடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை மாற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையிலும் பருப்பிலும் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் தேநீரோடு விழுங்க வேண்டாம்.

*சிறுநீரக நோய்:* தீட்டாத அரிசியில் பொஸ்பரசும் பொட்டாசியமும் கூடுதல். இந்த நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் சாப்பிடுங்கள்.

*குழந்தைகள்:* 6 மாதம் முடிந்த குழந்தைக்கு இணை உணவாகக் கொடுப்பதானால், நன்றாகக் குழைய வேகவைத்து மசித்துச் சல்லடையில் வடித்துக் கொடுங்கள்.

*வயிறு ஊதுவது:* திடீரென்று நார் கூடினால் சிலருக்கு வயிறு உப்பும். அளவைக் குறைத்து, மென்று சாப்பிட்டு, தண்ணீர் கூடக் குடித்தால் சில நாளில் சரியாகும்.

*மிஞ்சிய சோறு:* எந்தச் சோறும் வெதுவெதுப்பாக நெடுநேரம் நின்றால் கிருமி பெருகும். மறுபடி சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து மூடுங்கள். மலைக்குக் கட்டும் சோற்றை ஆவி அடங்கிய பின் கட்டுங்கள்.

சோறு சரியாக வராவிட்டால்

*நடுவில் நறுக்கென்கிறது:* ஊறல் போதவில்லை. வெந்நீர் தெளித்து மூடி, சிறு தீயில் 10 நிமிடம் வையுங்கள். நாளைக்கு ஊறும் நேரத்தைக் கூட்டுங்கள்.

*மேலே குழைந்து உள்ளே வேகவில்லை:* தீ அதிகம், கிளறலும் அதிகம். கொதி வந்தபின் தீயைக் குறையுங்கள்.

*அடி பிடிக்கிறது:* பானை மெல்லியது. அடுப்புக்கும் பானைக்கும் நடுவில் பழைய தோசைக்கல்லை வையுங்கள், அல்லது கம்பளி முறைக்கு மாறுங்கள்.

*துவர்ப்பு தெரிகிறது:* ஊறிய தண்ணீரிலேயே சமைத்திருக்கலாம். அதைக் கொட்டிப் புதுத் தண்ணீர் விடுங்கள். உப்பையும் பாருங்கள்.

*சிக்கு வாடை:* அரிசி பழையது. சமையலில் சரிசெய்ய முடியாது. கடையில் வாங்கியதானால் திருப்பிக் கொடுங்கள். பொதியில் வந்ததானால் எங்கள் கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கூடிப் பேசவும் செய்து பார்க்கவும்

மாதர் சங்கக் கூட்டத்திலோ பக்கத்து வீட்டாரோடோ இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. நம் பாட்டிமார் உரலில் குத்திய அரிசியை எப்படிச் சமைத்தார்கள்? அது தெரிந்த மூத்தவர் உங்கள் வரிசையில் யாராவது இருக்கிறாரா? அவரிடமிருந்து மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்ளலாம்?

2. உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கும் பிளேன்டீக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? அதை எப்படி மாற்றலாம்?

3. ஒரே அரிசியை இரண்டு வீட்டில், ஒன்றில் ஊறவைத்தும் மற்றதில் ஊறவைக்காமலும் சமையுங்கள். எந்த வீட்டில் எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு விறகு செலவானது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சோற்றையும் எந்த வீட்டுச் சோறு என்று சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்து, எது பிடிக்கிறது என்று கேளுங்கள்.

ஒவ்வொரு வீட்டின் உயரமும் அடுப்பும் பானையும் வேறு. இங்கே கொடுத்த தண்ணீர் அளவு ஒரு தொடக்கம்தான். இரண்டு மூன்று முறை சமைத்தால் உங்கள் பானைக்கு ஏற்ற அளவு கைக்கு வந்துவிடும். அந்த அளவை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவருபவர் கேட்டால் சொல்லிக்கொடுங்கள்.